முட்டை உடைக்காத கேக்

அந்தத் தெருவில் அவளுக்கு ‘இன்ஸ்பெக்டர்’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் அவள் கணவரின் அண்ணன். பாசத்தில் வைத்த பெயர் இல்லை. கீழே பேக்கரி, மேலே வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேரும் கீழே ஒரே ஓவனுக்கு முன்னால் நின்று வேலை செய்தார்கள். கடையாட்கள் அண்ணனைப் பெரியவர் என்றும் தம்பியைச் சின்னவர் என்றும் கூப்பிட்டதால் தெருவுக்கும் அதுவே பழகிவிட்டது. சின்னவரின் மனைவியாக அவள் வந்த புதிதில் அவளை எல்லோரும் நன்றாகத்தான் வைத்துக்கொண்டார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பாள், வாங்க வருகிறவர்களோடு சிரித்துப் பேசுவாள், பெரியவர் தலை தெரிந்தால் பேச்சைக் குறைத்துக்கொள்வாள். அத்தான் என்று மரியாதையாகத்தான் கூப்பிட்டாள்.

பெண் குழந்தை பிறந்தது. அது தவழ்கிற வயதில் யாரோ ஆசையாக மேகக் கேக்கின் நுனியைக் கிள்ளி அதன் வாயில் வைத்தார்கள். மேகக் கேக்தான் அந்தக் கடையின் பெருமை. முட்டையின் வெள்ளைக் கருவைச் சர்க்கரையோடு அடித்து, நுரை விறைத்து நிற்கும்போது கேக்கின் தலையில் குவித்து, மேலே லேசாகப் பொன்னிறம் வரும்வரை சூடு காட்டி எடுப்பார்கள். பெரியவரின் அப்பா காலத்திலிருந்தே அதைத் தேடி வருகிறவர்கள் உண்டு. கொஞ்ச நேரத்தில் குழந்தையின் உதடு வீங்கியது; கழுத்தெல்லாம் தடித்துப்போனது. முட்டை ஒத்துக்கொள்ளாத உடம்பு, ஒரு துளிகூடப் படக் கூடாது, வளர வளரச் சரியானாலும் ஆகலாம், ஆகாமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

அன்றிலிருந்து அவள் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தாள். இந்தக் கத்தியால் எதை வெட்டினீர்கள், இந்தத் தட்டில் முன்னால் என்ன இருந்தது, பன்னின் முதுகு இவ்வளவு மினுக்குகிறதே, முட்டை தடவினீர்களா. கடையாட்கள் முதலில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். பிறகு அவள் படியிறங்கி வந்தாலே ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்தார்கள். குழந்தைக்கென்று தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனித் துணி. பெரியவருக்கு இது பிடிக்கவில்லை. அவருக்கு அது குழந்தையின் உடம்பைப் பற்றிய விஷயமாகவே படவில்லை, கடையைப் பற்றிய அவதூறாகப் பட்டது. பேக்கரிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கே பேக்கரிப் பண்டம் ஆகாது என்றால் வெளியில் என்ன பேசுவார்கள்? எங்கள் வம்சத்தில் முட்டை ஒத்துக்கொள்ளாத வயிறு எதுவும் பிறந்ததில்லை, இதெல்லாம் தாய்க்காரி பயந்து பயந்து பிள்ளைக்கு ஏற்றிவிட்ட சீக்கு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவள் எதிரே வந்தால், “இன்ஸ்பெக்டர் வர்றாங்க, எல்லாரும் கையைக் காட்டுங்க” என்பார். கடையாட்கள் சிரிப்பார்கள். சின்னவரும் சில நேரம் சிரித்திருக்கிறார்.

குழந்தைக்கு ஐந்து வயதான பிறந்தநாளன்று பெரியவரே ஒரு கேக்கைச் சுமந்துகொண்டு மேலே வந்தார். வீடு நிறைய சொந்தக்காரர்கள். கேக்கின் தலையில் வெள்ளை நுரை கொம்பு கொம்பாக நின்றது. மேசையில் வைத்துவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

“இதுக்கு ஒரு முட்டை கூட உடைக்கல. இன்ஸ்பெக்டர் தைரியமா புள்ளைக்குக் குடுக்கலாம்.”

முட்டை உடைக்காமல் இந்த வெள்ளை எப்படி வந்தது என்று அவள் கேட்டாள். அது தொழில் ரகசியம் என்றார் பெரியவர். பெரியவரின் மனைவி, அவளுக்கு ஓரகத்தி, “ஒரு நல்ல நாள்லயாவது சந்தேகப்படாம இரேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இவள் தன் கணவரைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார், கொடு என்பதுபோல. அவர் காலையிலிருந்து கீழே அண்ணனோடுதான் நின்றிருந்தார். அவருக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது என்று நினைத்தாள். கொடுத்தாள்.

குழந்தை கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டது. இன்னும் கேட்டது. இரண்டாவது துண்டு கையில் இருக்கும்போதே இருமல் வந்தது. பிறகு குரல் கம்மியது, அம்மா என்று கூப்பிட்டது வெறும் காற்றாக வந்தது. கண்ணிமைகள் வீங்கி மூடிக்கொண்டன. மூச்சு இழுக்கும்போது விசில் சத்தம் கேட்டது. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படிகளில் ஓடியதும், எதிர்க்கடைக்காரர் வண்டியை எடுத்ததும், செருப்பில்லாமல் மருத்துவமனைக்குள் நுழைந்ததும் அவளுக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவள் ஞாபகத்தில் இருந்தது அந்த விசில் சத்தம் மட்டும்.

ஊசி போட்டார்கள். மூச்சுக் குழாய் திறந்துகொண்டது. பிள்ளை என்ன சாப்பிட்டது என்று மருத்துவர் வெளியே வந்து கேட்டபோது நடையில் நின்ற அத்தனை பேரும் பெரியவரைப் பார்த்தார்கள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். மருத்துவர் மறுபடி கொஞ்சம் கடுமையாகக் கேட்ட பிறகு, “தூள்தான் போட்டேன். டப்பால வர்ற தூள். முட்டை உடைக்கல” என்றார்.

எதன் தூள் என்று மருத்துவர் கேட்டார்.

“வெள்ளைக் கருவைக் காய வெச்சுப் பொடிச்சது. நல்ல முட்டைக்குப் பதிலா கடைக்காரங்க எல்லாரும் போடுறதுதான்.”

“காய வெச்சா முட்டை இல்லாமப் போயிடுமா?” என்று கேட்டுவிட்டு மருத்துவர் உள்ளே போய்விட்டார்.

அதன் பிறகு குடும்பம் செய்த வேலை பூசி மெழுகுவது. தெரியாமல் நடந்துபோச்சு, பெரியவர் ஆசையாகத்தானே செய்தார், பிள்ளை நல்லபடியாக வீட்டுக்கு வந்தாச்சே, இனி பேசி என்ன ஆகப்போகிறது. மாமனார் வழி, மாமியார் வழி என்று ஆளாளுக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அவள் கையை உருவிக்கொண்டாள். பெரியவர் வந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ தெரியாது. அவர் வரவில்லை. கீழே கடையில், “நான் முட்டை உடைக்கலன்னுதான் சொன்னேன், அது பொய்யா?” என்று நியாயம் பேசிக்கொண்டிருப்பதாகத் தகவல் வந்தது. அன்றோடு அத்தான் என்ற சொல் அவள் வாயிலிருந்து போனது. கல்லாவில் நிற்பதையும் நிறுத்திக்கொண்டாள்.

கடைக்குப் போகும் வழியும் வீட்டுக்கு வரும் வழியும் ஒரே வாசல்தான். அந்த வாசல் சுவரில், ‘கீழே விற்கும் எல்லாவற்றிலும் முட்டை இருக்கலாம்’ என்று ஒரு அட்டையில் எழுதி ஒட்டினாள். பெரியவர் கிழித்தார். மறுபடி ஒட்டினாள். மறுபடி கிழித்தார். மூன்றாவது முறை அவள் பெயிண்ட் வாங்கி வந்து சுவரிலேயே எழுதிவிட்டாள், கொட்டை கொட்டையான எழுத்தில். பெரியவர் அதன்மேல் சுண்ணாம்பு அடித்தார். மழை பெய்ததும் எழுத்து மறுபடி தெரிந்தது. மாவு மூட்டைகளை மாடிப்படியில் ஏறவோ இறங்கவோ முடியாதபடி அடுக்கச் சொன்னார். அவள் ஒரு மூட்டையைக் காலால் உருட்டிவிட்டாள். அது கடைக்குள் போய் வெடித்தது. வாங்க வந்தவர்கள் தலையெல்லாம் மாவோடு நின்றார்கள். தெரு முழுக்க அன்று அதுதான் பேச்சு. சின்னவர் இருவருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சாயங்காலம் மேலே வந்து, அண்ணன் கொஞ்சம் முரடு, நீயாவது விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். அவள் அவர் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள்.

இந்தச் சண்டைக்கெல்லாம் நடுவில் குழந்தை ஒரு நாள் சொன்னது:

“அந்த வெள்ளை நல்லா இருந்துச்சும்மா. வாய்ல வெச்சதும் கரைஞ்சு போச்சு.”

அவளுக்கு முதலில் ஆத்திரம் வந்தது. உயிரை எடுக்கப் பார்த்த பண்டத்தையா நல்லா இருந்தது என்கிறாய் என்று அதட்டப் போனாள். குழந்தை உதட்டை நக்கிக் காட்டியதைப் பார்த்ததும் அதட்ட வாய் வரவில்லை. அந்த ருசியை மகளுக்குக் காட்டியவர் பெரியவர் என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதை மகளுக்குத் தன் கையால், முட்டையே இல்லாமல் செய்து கொடுத்தாக வேண்டும் என்ற வெறி அன்றுதான் பிடித்தது. கேட்டவர்களிடமெல்லாம் பிற்பாடு அவள் இதைப் பாசம் என்று சொன்னதில்லை. வீம்பு என்றுதான் சொன்னாள்.

வீட்டில் கேக் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. சின்ன ஓவன் ஒன்று வாங்கி மேலே வைத்தாள். ஆளிவிதையைப் பொடித்துத் தண்ணீரில் ஊறவைத்தால் முட்டைபோல் வழுவழுப்பாக வரும் என்று யாரோ சொன்னார்கள். வந்தது, கேக் மாவைச் சேர்த்துப் பிடிக்கவும் செய்தது. ஆனால் எவ்வளவு அடித்தாலும் நுரைக்கவில்லை, சளிபோலக் கரண்டியில் தொங்கியது. வாழைப்பழம் கேக்கை அப்பமாக்கியது. தயிரும் சோடா உப்பும் கேக்கை உப்ப வைத்தன, வெள்ளைக் கோபுரம் கட்ட அவற்றால் முடியவில்லை. வெள்ளைக் கரு செய்கிற வேலை ஒன்றில்லை, பல வேலை என்று அவளுக்குப் புரிய நாளானது. பிடித்து வைக்க ஒரு பொருள், உப்ப வைக்க ஒரு பொருள், நுரைக்க ஒரு பொருள். முதல் இரண்டுக்கும் வழி இருந்தது. நுரைக்குத்தான் வழி இல்லை.

வழியைச் சொன்னவள், மாதாமாதம் குழந்தையைக் காட்டப் போகும் மருத்துவமனையில் வரிசையில் பக்கத்தில் உட்காரும் ஒரு தையல்காரி. அவள் மகனுக்கும் இதே சங்கடம். கொண்டைக்கடலை வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதே, அது முட்டை மாதிரி நுரைக்கும் என்றாள். இவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து கடலையை வேகவைத்து, அந்தத் தண்ணீரை அப்படியே அடித்தாள். சோப்பு நுரைபோல் கிளம்பி உடனே அடங்கியது. தண்ணீர் நீர்த்திருக்கிறது என்று புரிந்து அடுத்த முறை சுண்டக் காய்ச்சினாள். நுரை நின்றது, சுட்டு எடுத்தபோது அடியில் பாகு கசிந்து தட்டோடு ஒட்டிக்கொண்டது. சர்க்கரையை மொத்தமாகக் கொட்டியது தப்பு என்று தெரிந்தது. இன்னொரு முறை எல்லாம் சரியாக வந்தும் வாயில் வைத்தால் கடலை வாசம் அடித்தது. அதற்குக் கொஞ்சம் எலுமிச்சையும் வெனிலாவும். இன்னொரு முறை வெளியே மழை. மெரிங் என்று பேக்கரிக்காரர்கள் சொல்லும் அந்தச் சுட்ட நுரைக் குவியல்கள் எல்லாம் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துச் சரிந்தன.

கடலை வேக வேக அதன் வாசம் படிவழியே கீழே இறங்கியது. கடைக்கு வருகிறவர்களிடம் பெரியவர், “மேல ஒரு விஞ்ஞானி இருக்காங்க, கடலைத் தண்ணிலேருந்து முட்டை எடுக்குறாங்க” என்று சொல்லிச் சிரிக்க வைத்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அந்த நுரை விறைக்க முட்டையைவிட அதிக நேரம் பிடிக்கும். கை நுரை அடிக்கும் பீட்டரில் இருக்கும், மனம் கீழே கடையில் அந்த ஆளோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டிருக்கும். ஒருநாள் பாத்திரத்தைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்; நுரை அசையவில்லை. குறைந்த சூட்டில் சுட்டு, ஓவனுக்குள்ளேயே ஆறவிட்டு எடுத்தாள். குழந்தை ஒன்றை வாயில் போட்டு, “கரையுது” என்றது. அவள் அதன் உதட்டையும் கழுத்தையும் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எதுவும் நடக்கவில்லை.

தையல்காரிக்கு ஒரு டப்பா கொடுத்தாள். தையல்காரி இன்னொரு தாய்க்குச் சொன்னாள். மருத்துவமனை வரிசையிலிருந்தே கேட்டு வர ஆரம்பித்தார்கள்.

அது ஓரகத்திக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் காலையில் மாடிப்படியில் வைத்து, ஆட்கள் வந்து வந்து படியெல்லாம் மிதிக்கிறார்கள், இது என்ன சந்தையா என்று ஆரம்பித்தாள். இவளும் விடவில்லை. பிள்ளையைச் சாகடிக்கப் பார்த்தவர்களின் படியை மிதித்தால் என்ன என்றாள். ஓரகத்தியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“சும்மா சும்மா எங்க வீட்டுக்காரர் தலையிலயே போடாத. அந்தத் தூள் டப்பாவை அன்னைக்குத் திறந்து குடுத்தது யாரு? உன் புருஷனைக் கேளு போ.”

ஓரகத்தி சொன்ன பிறகுதான் தான் சொன்னது என்னவென்று உணர்ந்தவள்போல் உதட்டைக் கடித்துக்கொண்டாள். இவள் அவளைத் தாண்டிக் கீழே இறங்கினாள். கல்லாவை விட்டு விலகிய பிறகு கடையின் உள்பக்கம் போனது அன்றுதான் முதல் தடவை. சின்னவர் ஓவன் முன்னால் நின்று தட்டுகளை இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் தடித்த துணி உறை. அவளைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

“அந்த டப்பாவை நீங்கதான் திறந்தீங்களா?”

அவர் தட்டை அலமாரியில் செருகினார். பிறகு ஆமாம் என்றார்.

“டப்பா மேல என்ன எழுதியிருந்துச்சு?”

“வெள்ளைக் கருத் தூள்னு.”

“படிச்சீங்களா?”

“படிச்சேன்.”

“படிச்சிட்டுத்தான் என்னைப் பாத்துத் தலையாட்டினீங்களா?”

பெரியவர் மறுபக்கத்தில் மாவு பிசைகிற மேசையில் நின்றிருந்தார். அவர் கை நின்றது. சின்னவர், அண்ணன் சொன்னார், பச்சை முட்டைதான் சிலருக்கு ஆகாது, காய்ந்ததில் அந்தக் குணம் போய்விடும் என்று சொன்னார், நான் நம்பினேன் என்றார். பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், “நம்பணும்னு நெனச்சேன்” என்றார்.

அவள் கத்தவில்லை. மேலே போய்க் குழந்தையின் துணிகளையும் பீட்டரையும் அந்தக் கடலைப் பானையையும் எடுத்துக்கொண்டு, குழந்தையோடு இறங்கினாள். இரண்டு தெரு தள்ளி, துணி வெளுக்கிற கடைக்கு மேல் ஓர் அறை காலியாக இருந்தது. தையல்காரிதான் பேசி முடித்துக் கொடுத்தாள், சின்ன ஓவனையும் ஆள் விட்டுக் கொண்டுவந்து சேர்த்தாள். அந்த அறையில் எப்போதும் கீழேயிருந்து நீராவியும் சோப்பு வாசமும் வரும். மெரிங்குக்கு அதைவிட மோசமான இடம் உலகத்தில் இல்லை. கீழ்க்கடை மூடியிருக்கும் நேரத்தில் மட்டும்தான் சுட முடிந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் அலுத்துக்கொண்டதில்லை.

பெரியவர் மீது இருந்த கோபம் நெருப்பு மாதிரி. எரிந்தது, வேலை செய்யவும் வைத்தது. கணவர் மீது வந்தது வேறு. அது எரியவில்லை. அது வந்தால் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவாள். அவர் தினமும் சாயங்காலம் வந்து தெருவில் நின்றார். மகளைப் பார்க்க விட்டாள். மகளுக்கென்று அவர் கையில் கொண்டுவந்ததை, பழமாக இருந்தாலும், வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். ஒரு மழைக்காலம் அப்படியே போனது.

பிறகு சின்னவர் அண்ணன் கடையை விட்டார். எப்படி விட்டார், என்ன பேசிக்கொண்டார்கள் என்று அவளிடம் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. அண்ணன் கத்தியதைத் தெரு சொன்னது: அந்த இன்ஸ்பெக்டர் குடும்பத்தை இரண்டாக உடைத்துவிட்டாள், என் தம்பியைப் பிச்சைக்காரனாக்கிவிட்டாள். சின்னவர் வேறொரு பேக்கரியில் ஓவனாளாகச் சேர்ந்தார். வேலை முடிந்து வந்து அவள் அறையின் வாசலில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக் கொடுக்க ஆரம்பித்தார். அவள் போகச் சொல்லவில்லை. நாளாக ஆக வாசலிலிருந்து உள்ளே வந்தார். ஒரே கூரையின் கீழ் மறுபடி மூன்று பேர் ஆனார்கள். மன்னித்துவிட்டாயா என்று தையல்காரி ஒரு முறை கேட்டாள். “பாத்திரம் நல்லா கழுவுறார்” என்று மட்டும் சொன்னாள் அவள்.

மகளுக்குப் பத்து வயது நடக்கும்போது கோழிகளுக்கு நோய் வந்தது. பண்ணை பண்ணையாக அழித்தார்கள். முட்டை கண்ணில் படவில்லை. படும் இடத்தில் அடிதடி. தூள் டப்பாவும் அதே முட்டையிலிருந்துதானே வர வேண்டும், அதுவும் கடைகளிலிருந்து மறைந்தது. மேகக் கேக் இல்லாத மேகக் கேக் கடையைப் பார்த்துவிட்டு ஆட்கள் திரும்பிப் போனார்கள். அவள் அறைக்கு வரும் படியிலோ கூட்டம் நின்றது. முட்டை ஆகாதவர்கள் மட்டுமில்லை, முட்டை கிடைக்காதவர்களும்.

ஒரு மத்தியானம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் பெரியவர். ஆள் பாதியாக இருந்தார். சட்டை தோளில் தொங்கியது. அவள் கதவை அகலமாகத் திறக்கவில்லை. உள்ளே சின்னவர் எழுந்து நின்றார். அவள் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தாள்.

கடலைத் தண்ணீரில் நுரை எப்படி நிற்கிறது, தான் முயன்று பார்த்தும் வரவில்லை என்றார் பெரியவர். கேட்கும்போது அவளைப் பார்க்கவில்லை, நிலைப்படியைப் பார்த்தார்.

“முதல்ல அன்னைக்கு என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க.”

“அதான் தெரியுமே.”

“எனக்குத் தெரியும். உங்க வாயால நான் கேக்கல.”

அவர் திரும்பி இரண்டு படி இறங்கினார். போய்விடுவார் என்று அவள் நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதுகைக் காட்டியபடியே பேசினார்.

“புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன். தூளைத் தின்னுட்டு அது நல்லா ஓடி விளையாடும், அப்புறம் அத்தனை பேர் முன்னாடியும் டப்பாவை எடுத்துக் காட்டலாம்னு இருந்தேன். உன்னைத் தலைகுனிய வைக்கணும். அவ்வளவுதான். புள்ளையை நான் நெனச்சே பாக்கல.”

“அதைத்தான் நானும் சொல்றேன்” என்றாள் அவள். “நெனச்சே பாக்கல.”

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் கொடுத்திருக்கமாட்டாள். கதவைச் சாத்தத்தான் கை போனது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. இவருக்கு வழி தெரியாவிட்டால் இவர் சும்மா இருக்கப்போவதில்லை. எங்கிருந்தாவது ஒரு பழைய டப்பாவைப் பிடிப்பார். முட்டை உடைக்கவில்லை என்று மறுபடி சொல்வார். முட்டையே கிடைக்காத காலத்தில் ஊரும் நம்பும். இன்னொருத்தி தன் பிள்ளைக்கு ஊட்டுவாள்.

எனவே சொல்லிக்கொடுத்தாள். நிலைப்படிக்கு உள்ளே அவள், வெளியே அவர். உட்காரச் சொல்லவில்லை, குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. திட்டுகிற குரலிலேயே சொன்னாள். கடலையை வேகவைத்ததும் வடிக்காதீர்கள், அந்தத் தண்ணீரிலேயே ஆறட்டும். வடித்த பிறகு சுண்டக் காய்ச்சுங்கள், விரலில் தொட்டால் வெள்ளைக் கரு மாதிரி கொழகொழப்பாக வர வேண்டும். குளிரவைத்துவிட்டு அடியுங்கள். பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கெட்டது. எலுமிச்சை சில சொட்டு. சர்க்கரை கரண்டி கரண்டியாக, பொறுமை இல்லாவிட்டால் இதைத் தொடாதீர்கள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். கடைசியில் அவள் சொன்னாள்:

“எதுல முட்டை இருக்கு, எதுல இல்லன்னு போர்டு எழுதி வெளிய மாட்டணும். உங்க கடைப் பண்டத்தை ஆள் விட்டு வாங்குவேன். சோதிக்கக் குடுப்பேன். இல்லன்னு எழுதினதுல ஒரு துளி முட்டை இருந்துச்சுன்னா உங்களைத் தெருவுல நிக்க வெப்பேன்.”

“என்னை இவ்வளவு வெறுக்குறவ எதுக்குச் சொல்லிக்குடுக்குற?”

“உங்களுக்கா சொல்லிக்குடுத்தேன்?” என்று கேட்டுக் கதவைச் சாத்தினாள்.

அவர் முதல் முறை செய்தது சரிந்தது. மறுபடி வந்து படியில் நின்றார். அவர் செய்ததைக் கேட்டு, எங்கே தப்பு என்று சொல்லி, கரித்துக்கொட்டி அனுப்பினாள். மறுபடி வந்தார். ஓர் அண்ணன், தம்பி வீட்டு வாசலில் நின்று தம்பி மனைவியிடம் வசவு வாங்கிக்கொண்டு போவதைத் கீழே துணி வெளுக்கக் கொடுக்க வந்தவர்களெல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஒரு முறை மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது அவர் படியில் நின்றிருந்தார். அவள் ஒதுங்கி, சுவரோடு ஒட்டி ஏறி வந்தாள். பெரியப்பா என்று கூப்பிடவில்லை. அவரும் பெயர் சொல்லி அழைக்கவில்லை. கடைசியில் அவருக்கு நுரை நின்றது. போர்டும் மாட்டினார். அவள் ஆள் விட்டு வாங்கிச் சோதிக்கக் கொடுத்தாள். முட்டை இல்லை என்று வந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம் வந்ததா என்றால், கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

கோழிப் பண்ணைகள் மறுபடி நிறைந்தன. தெருவில் முட்டை வண்டிகள் வந்தன. பெரியவர் பழைய மேகக் கேக்குக்குத் திரும்பினார். கடலைத் தண்ணீர் நுரையைக் கைவிட்டார். போர்டை மட்டும் எடுக்கவில்லை. அதில் ஒரே வரியாக, எல்லாவற்றிலும் முட்டை உண்டு என்று மாற்றி எழுதியிருப்பதாகச் சின்னவர் பார்த்து வந்து சொன்னார். சொல்லிவிட்டு, அண்ணன் மாறியிருக்கிறார், ஒரு தடவை போய்ப் பார்க்கலாமா என்பதுபோல அவள் முகத்தைப் பார்த்தார்.

அவளுக்கு வந்தது ஒரு விதமான நிம்மதி. இனிமேல் அந்த ஆள் இந்தப் படியேறி வர வேண்டியதில்லை; இவளும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியதில்லை. தூரத்திலிருந்து, இடைஞ்சல் இல்லாமல் வெறுக்கலாம்.

“நீங்க வேணா போய்ட்டு வாங்க” என்றாள். “வரும்போது கையைக் கழுவிட்டு உள்ள வாங்க.”

அவர் போகவில்லை. மறுநாளைக்கு வேண்டிய கடலையை அளந்து பாத்திரத்தில் கொட்டி ஊறப்போட்டார். மளிகைக் கடையிலிருந்து அவர் வாங்கி வந்த புது சர்க்கரைப் பொட்டலம் மேசையில் இருந்தது. அவள் அதை எடுத்து விளக்கடியில் கொண்டுபோய், பின்பக்கத்துப் பொடி எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அவளுக்குத் தெரியும். படித்து முடித்துவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரித்தாள்.